செத்துப்போகாத எட்டுப் பெண்கள்: வதந்தி, பிம்பம், பொறுப்பேற்றல்

2021 டிசம்பர் 17 இரவு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்த பெண்களிடம் சம்பள உயர்வு பற்றியோ சங்கம் பற்றியோ துண்டறிக்கை எதுவும் இருக்கவில்லை. தங்களோடு ஒரே ஹாஸ்டலில் தங்கி, ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு, வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் எங்கே என்பதுதான் அவர்கள் கேட்டது. எட்டுப் பேர் செத்துவிட்டார்கள் என்று பேச்சு. ஒன்பது என்றும் சொன்னார்கள். யாரும் சாகவில்லை.

அந்த இரவு எனக்கும் ஒரு படம் வந்தது. நெருக்கமாகப் போட்ட கட்டில்கள், கட்டில் கிடைக்காமல் தரையிலும் பெண்கள், கையில் டிரிப்ஸ். மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: எட்டுத் தொழிலாளிகள் பலி, ஊடகங்கள் மௌனம். நான் இரண்டு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன். மூன்றுமே தோழர்களும் எழுத்தாளர்களும் உள்ள குழுக்கள். போதாததற்கு என் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தேன். 'பலி' என்பதைக் 'கொலை' என்று திருத்தினேன். கொஞ்ச நேரத்திலேயே ஒரு நண்பர் போன் செய்தார். "படத்துல செவுத்துல மாட்டியிருக்கிற போர்டைப் பாத்தீங்களா? தெலுங்குல இருக்குய்யா." பெரிதாக்கிப் பார்த்தேன். தெலுங்குதான். எந்த ஊர், எந்த வருஷம், யாருக்கு என்ன ஆனது, எதுவும் எனக்குத் தெரியாது. உடனே மூன்று குழுக்களிலும் இருந்து படத்தை நீக்கினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வார்த்தையைப் பற்றியது. ஆனால் அதற்கு முன் வதந்தியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஏனெனில் வதந்தி என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு எதிர்வினைகள்தான் தெரியும். காவல்துறையின் மொழியில் அது குற்றம். நமது மொழியில், அது கீழிருந்து வருவதாக இருந்தால், மக்களின் குரல். இரண்டும் சோம்பேறித்தனமான வாசிப்புகள்.

நடந்ததை முதலில் வரிசைப்படுத்துவோம். பூந்தமல்லி அருகே ஜமீன் கொரட்டூரில் ஒரு ஹாஸ்டல். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி ஐஃபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளிகள் அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். டிசம்பர் 15 அன்று உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மேலும் நூறு பேர் அளவில் சிகிச்சை தேவைப்பட்டது. பின்னர் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் விசாரித்து எழுதியதில் ஒரு அறைக்கு ஆறு முதல் முப்பது பேர் வரை படுத்திருந்தது தெரியவந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சமையல்கூடத்தில் எலிகளையும் தேங்கிய கழிவுநீரையும் கண்டு அதை மூடினார்கள். மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய். ஹாஸ்டல் திருவள்ளூர் மாவட்டம், ஆலை காஞ்சிபுரம் மாவட்டம். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு இது வெறும் தூரம். நிர்வாகத்துக்கு இது ஒரு வசதி. ஹாஸ்டல் விஷயம் காண்ட்ராக்டருடையது, ஆலை விஷயம் எங்களுடையது என்று பிரித்துப் பேசலாமல்லவா.

இரண்டு நாட்கள், யார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் அந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. சிலருடைய போன் எடுக்கப்படவில்லை. அந்தச் சிலர்தாம் எட்டுப் பேர் ஆனார்கள். மறுநாள் காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் மா. ஆர்த்தி சாலைக்கு வந்து, சிகிச்சையில் இருந்த பெண்களைக் கைப்பேசி வீடியோவில் பேசவைத்த பிறகே கூட்டம் கலைந்தது. இரண்டு நாளுக்கு முன்பே செய்திருக்கக்கூடிய காரியம். ஒரு தாளில் நூற்றைம்பத்தொன்பது பெயர்களை எழுதி ஹாஸ்டல் வாசலில் ஒட்டியிருந்தால் போதும்.

தொழிலாளர் தேர்ந்தெடுத்த சங்கம் ஒன்று அங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிர்வாகக் குழுவிலிருந்து நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், வார்டு வார்டாகப் பார்ப்பார்கள், திரும்பி வந்து பெயர் சொல்வார்கள். நம்பத்தக்க ஒரு வாய் இருக்கும். இந்தத் தொழிற்தடத்தில் அந்த வாயைத்தான் வளரவிடுவதில்லை. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததும், சி.ஐ.டி.யு. சார்ந்த சங்கத்தின் பதிவு 2025 ஜனவரிவரை இழுபட்டதும் நமக்குத் தெரியும். சங்கம் இல்லாத இடத்தில் வதந்தி சங்கத்தின் வேலையைச் செய்கிறது. ஆட்களைக் கூட்டுகிறது, சாலைக்குக் கொண்டுவருகிறது, கலெக்டரை வரவழைக்கிறது. சங்கம் செய்கிற இன்னொரு வேலையை மட்டும் அதனால் செய்ய முடிவதில்லை. தான் சொன்னது தப்பு என்று தெரிந்தால் மறுநாள் நோட்டீஸ் போட்டுத் திருத்த அதற்கு ஒரு முகவரி கிடையாது.

ரணஜித் குஹா 1983இல் வெளிவந்த தமது நூலில் விவசாயக் கலகங்களில் வதந்தியின் இடத்தை விரிவாக ஆராய்கிறார். கொழுப்புத் தடவிய தோட்டா, கைமாறிய சப்பாத்தி என்று 1857இன் பேச்சுகளை ஆங்கிலேய அதிகாரிகள் கடைத்தெருப் பேச்சு என்று ஒதுக்கினார்கள். குஹா அதையே எழுத்தறியாத சமூகத்தின் அரசியல் தொடர்புமுறையாக வாசித்தார். யார் சொன்னது என்றில்லாமை அதன் பலவீனமல்ல, பலம் என்றார். தொண்ணூறுகளில் நம்முடைய இதழ்கள் இதைக் கொண்டாடின. நானும் கொண்டாடினேன். அதற்கும் முன்னால், 1921இல், முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளிலிருந்து திரும்பி வந்த மார்க் ப்ளாக் போர்க்காலப் பொய்ச்செய்திகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1917 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை ஒரு ஜெர்மானியனைப் பிடிக்கிறது. அவன் பிரெமன் நகரத்தான். செய்தி வாய்மாறிப் போகையில் பிரெமன் என்பது ப்ரேன் ஆகிறது. ப்ரேன் படைமுனைக்குப் பின்னாலுள்ள ஒரு பிரெஞ்சு ஊர். ஆக, அவன் போருக்கு முன்பே அந்த ஊரில் கடை வைத்திருந்த ஒற்றன் என்று கதை முழுமை பெறுகிறது. காது தவறாகக் கேட்டது தற்செயல். ஆனால் ஒற்றர்கள் எங்கும் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அதற்கு முன்பே தயாராக இருந்தது. சமூகம் தன் முகத்தைப் பார்க்கும் கண்ணாடி பொய்ச்செய்தி என்பது ப்ளாக்கின் வாதம்.

அப்படியானால் ஸ்ரீபெரும்புதூர்க் கண்ணாடியில் தெரிந்த முகம் எது? 2010 ஜூலையில் இதே ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் சுங்குவார்சத்திரம் ஆலையில் பூச்சிமருந்துப் புகையில் சுமார் இருநூற்றைம்பது தொழிலாளர்கள் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று நோக்கியா ஆலையில் 22 வயதுப் பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கினார். பிழைக்கவில்லை. 2014 நவம்பரில் நோக்கியா மூடப்பட்டது. அந்த டிசம்பரில் ஃபாக்ஸ்கானும் தன் அன்றைய ஆலையை நிறுத்தியது. பத்தாண்டில் இந்தத் தடம் பார்த்தது இவ்வளவு. இங்கே பெண்கள் சாகமுடியும், செத்தால் கம்பெனி மறைக்கும் என்ற நம்பிக்கை ஹாஸ்டல் சுவர்களில் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. 1750 மே மாதப் பாரிஸில் போலீஸ் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் ஓர் இளவரசனின் குளியலுக்கு இரத்தம் எடுக்கிறது என்று ஊர் கொந்தளித்ததைப் பற்றி அர்லெட் ஃபார்ஜும் ழாக் ரெவெலும் எழுதியிருக்கிறார்கள். இரத்தக்குளியல் புனைவு. போலீஸ் தெருப்பிள்ளைகளைப் பிடித்துப்போனது நிஜம்.

இதுவரை நம் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றும். இந்த இடத்தில் நின்றுவிடுவதுதான் நமது வழக்கம். குஹாவை மேற்கோள் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் நான் ஹாஸ்டல் பெண் இல்லை. எனக்கு வந்தது பேச்சும் இல்லை, படம். இந்த வித்தியாசம் சின்னதல்ல. தமிழில் வதந்திக்கு என்று ஒரு இலக்கணமே இருக்கிறது. 'செத்துட்டாங்களாம்', 'எட்டுப் பேராம்', 'ஆஸ்பத்திரிலயே மறைச்சிட்டாங்களாம்.' கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த 'ஆம்' சாதாரணமான உறுப்பல்ல. நான் கண்ணால் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன், நீயும் விசாரித்துக்கொள் என்று அது சொல்கிறது. பாட்டி கதை சொல்லும்போது ராஜாவுக்கு ஒட்டுகிற அதே 'ஆம்'தான். குஹா சொல்லும் பெயரற்ற பேச்சு தமிழில் பொறுப்பற்ற பேச்சு அல்ல. பேசுகிறவள் தன் அறிவின் எல்லையை வினைச்சொல்லிலேயே குறித்துவிடுகிறாள். சாலையில் உட்கார்ந்த பெண்கள் 'ஆம்' போட்டுத்தான் பேசினார்கள். அதனால்தான் அவர்களால் காட்டு என்று கேட்க முடிந்தது, காட்டியதும் எழுந்து போகவும் முடிந்தது. தாங்கள் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொண்டதாக இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

படத்தில் 'ஆம்' கிடையாது. பத்திரிகைக்காரர்களாவது தலைப்பில் ஒரு கேள்விக்குறி போடுவார்கள், அது அவர்களுடைய 'ஆம்'. தரையில் கிடக்கும் பெண்ணின் படம் கிடக்கிறாள் என்று மட்டுமே சொல்லும். எங்கே, எப்போது என்று சொல்லாது. அதைச் சொல்வது மேலே எழுதப்படும் வரி. அந்த வரியை எழுதியது நம்மைப் போன்ற ஆட்கள். அதாவது வதந்தி ஹாஸ்டலிலிருந்து எழுத்தறிந்தவர்களிடம் வந்துசேர்ந்தபோதுதான் அதிலிருந்த சந்தேகம் கழன்று விழுந்தது. 'செத்துட்டாங்களாம்' என்பது 'கொலை' ஆனது என் கையில்.

அடுத்து நடந்ததை எல்லோரும் அறிவோம். 67 பெண்களையும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரையும் போலீஸ் பிடித்துவைத்தது. பொய்ச்செய்தி பரப்பியதாக நாம் தமிழர் கட்சியின் சாட்டை துரைமுருகன் கைதானார், பிறகு குண்டர் சட்டமும் பாய்ந்தது. அவருடைய அரசியலோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. ஆனால் அவர் சொன்னதற்கும் நான் அனுப்பியதற்கும் உள்ளடக்கத்தில் என்ன வேறுபாடு? பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை மட்டும்தான். அவருக்குச் சிறை, எனக்கு 'எல்லோரிடமிருந்தும் நீக்கு' என்கிற பொத்தான்.

அந்த வாரம் தமிழ்நாட்டில் என்ன விவாதிக்கப்பட்டது என்று நினைத்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. எலி ஓடிய சமையல்கூடம் பற்றி அல்ல. வதந்தி யார் கிளப்பியது, வெளிநாட்டு முதலீட்டைக் கெடுக்கும் சதியா என்பதுபற்றி. இல்லாத எட்டுச் சாவுகள் இருந்த 159 நோயாளிகளை மறைத்துவிட்டன. சாவு என்று சொல்லிவிட்ட பிறகு வாந்திபேதி என்பது அற்பமாகிவிடுகிறது. யாரும் சாகவில்லை என்று நிரூபித்துவிட்டால் எதுவுமே நடக்கவில்லை என்று நிரூபித்ததாகிறது. நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் நாம் கொடுத்த பரிசு இது.

மன்னிப்பு கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். யார் தெரியுமா? கம்பெனி. ஆலை மூடப்பட்டு, டிசம்பர் 29 அன்று ஆப்பிள் நிறுவனம் சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று அறிவித்து ஃபாக்ஸ்கானைக் கண்காணிப்பில் வைத்தபோது, ஊழியர்கள் சந்தித்த பிரச்சினைக்கு வருந்துவதாக ஃபாக்ஸ்கான் அறிக்கை விட்டது. உள்ளூர் நிர்வாகத்தை மாற்றியமைப்பதாகவும் சொன்னது. ஜனவரி 12 அன்று ஆலை திறந்தது. இந்த வருத்தத்தின் இலக்கணத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஊழியர்கள் ஒரு பிரச்சினையைச் 'சந்தித்தார்கள்'. பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவரைச் சந்திப்பதுபோல. முப்பது பேரை ஒரே அறையில் அடைத்த எழுவாய் அந்த வாக்கியத்தில் இல்லை. ஆனாலும் அறிக்கை என்று ஒன்று வந்தது, அச்சில் இருக்கிறது. பின்னால் 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார். சாலையில் உட்கார்ந்த பெண்கள் ஈட்டியது அது என்றே நான் நினைக்கிறேன், திறப்புவிழாவில் யாரும் அப்படிச் சொல்லாவிட்டாலும்.

கம்பெனியின் வருத்தத்தைக் கிண்டல் செய்து ஒரு பத்தி எழுதிவிட்டேன். எழுவாய் இல்லாத வருத்தமாவது அவர்களிடமிருந்து வந்தது. நம்மிடமிருந்து?

2023 மார்ச்சில் கண்ணாடி திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் சுற்றின. ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. இன்னொன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக மோதிக்கொண்டது, வேறொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று அன்றைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு விளக்கினார். பிரசாந்த் உம்ராவ் என்ற பா.ஜ.க. பிரமுகர், வழக்கறிஞரும்கூட, இந்தி பேசியதற்காகப் பன்னிரண்டு பேர் தூக்கில் தொங்கவிடப்பட்டார்கள் என்று எழுதி, ஸ்டாலினும் தேஜஸ்வி யாதவும் சேர்ந்திருக்கும் படத்தை அதோடு போட்டார். படம் உண்மையானது. முதலமைச்சரின் பிறந்தநாளுக்குத் தேஜஸ்வி சென்னைக்கு வந்தது நடந்த விஷயம்தானே. உண்மைப் படம் பொய் வரியின்கீழ் வந்து உட்கார்ந்துகொண்டது. யூடியூபர் மனிஷ் காஷ்யப் வெளியிட்ட ஒரு வீடியோவில் கட்டுப்போட்டுக்கொண்டு அழுதவர்கள் பாட்னாவின் ஜக்கன்பூர்ப் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் நடித்தவர்கள் என்று பீகார் போலீஸ் கண்டுபிடித்தது. பீகார் சட்டசபையில் அமளி, அங்கிருந்து அதிகாரிகள் குழு வருகை, தொழிலாளர்கள் ரயிலேறினார்கள். ஹோலிக்குத்தான் போகிறார்கள் என்றார்கள். ஹோலி மார்ச் 8. போனவர்கள் எல்லாம் ஹோலிக்குப் போகவில்லை என்பது ஒரகடத்தில் ஆள் வைத்து வேலை வாங்கியவர்களுக்குத் தெரியும்.

நாம் கொதித்தோம். நியாயமான கொதிப்பு. 2023 ஏப்ரல் 6 அன்று உச்சநீதிமன்றம் உம்ராவை நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது மகிழ்ந்தோம். முன்ஜாமீனோடு சேர்த்துக் கட்டிய மன்னிப்பு. காஷ்யப்பின்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஏவப்பட்டது. அந்த நவம்பரில் மதுரைக் கிளை அதை ரத்துசெய்தது, டிசம்பரில் வெளியே வந்தார், 2024 ஏப்ரலில் பா.ஜ.க.வில் சேர்ந்தார். தடுப்புக்காவல் ஒருவரைத் திருத்தியதாக வரலாறு இல்லை. பெரும்பாலும் அவரைத் தலைவராக்கிவிடும்.

ஆனால் அந்தக் கொதிப்பில் நாம் சௌகரியமாக மறந்தவை சில. அதே ஆண்டு பொங்கலை ஒட்டித் திருப்பூரில் ஒரு டீக்கடை வாசலில் சிகரெட் புகை தொடர்பாக ஆரம்பித்த தகராறின் வீடியோ, ஆரம்பம் வெட்டப்பட்டு, வடவர் தமிழரை விரட்டி அடிக்கிறார்கள் என்று ஜனவரிக் கடைசியில் தமிழில் சுற்றியது. சுற்றியவர்களில் முற்போக்காளர் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பிப்ரவரியில் இன்னொன்று: ஓடும் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஒரு தமிழன் இந்தி பேசும் தொழிலாளர்களை அடித்துத் திட்டும் வீடியோ. இது பொய் அல்ல. ரயில்வே போலீஸ் ஆளைக் கைதுசெய்தது. மார்ச்சில் வந்த நூறு பொய்களை நம்பவைத்தது இந்த ஒரு நிஜம்தான். தமிழ்நாடு அமைதிப்பூங்கா என்று அறிக்கை எழுதிய நாம், அந்த நிஜத்தை அதே அறிக்கையில் எழுதியிருந்தால் பீகாரில் சிலராவது நம்மை நம்பியிருப்பார்கள்.

இன்னும் பின்னால் போகலாம். 2018 மே 9. போளூர் பக்கம் அத்திமூரில் குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்ணைப் பிள்ளைபிடிக்காரி என்று அடித்தே கொன்றார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒரு மனிதனைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். வட மாநிலத்தவர் பிள்ளைகளைக் கடத்த இறங்கியிருக்கிறார்கள் என்பது அன்றைய தமிழ் வாட்ஸ்அப்பின் செய்தி. அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில் மோட்டார்சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிப்போவார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்கள் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசியை யாரோ வெட்டிவிட்டார்கள். அடித்தவர்களைப் போலீஸ் பிடித்தது. அனுப்பியவர்கள்? ஆயிரக்கணக்கான தமிழர்கள் பிள்ளைபிடிக்காரச் செய்தியை அனுப்பினார்கள். அத்திமூருக்குப் பிறகு, நானும் அனுப்பினேன் என்று பொதுவில் சொன்ன ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. அமைதியாக நீக்கியிருப்பார்கள், என்னைப்போல.

ஒப்புக்கொள்வதைப் பற்றிப் பேசினால் ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. 1991 மே 21 கொலைவழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், பாட்டரி வாங்கியது எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதை 2013 நவம்பரில் வெளியே சொன்னார். இருபத்திரண்டு ஆண்டுகள். பின்னர் உச்சநீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரமாகத் தந்தார். ஓய்வுபெற்ற பின் வந்த ஞானோதயம் என்று அப்போது நம்மில் பலர் கசந்துகொண்டோம். பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார். தாமதமான ஒப்புதல், ஆனால் அதில் எழுவாய் இருந்தது. 'நான் விட்டுவிட்டேன்' என்றார் அவர். அவர் வெட்டியதும் ஒரு காட்சியின் கடைசித் துண்டைத்தான்.

நமக்கு ஏன் கஷ்டமாக இருக்கிறது? ஒன்று வழக்குப் பயம், அதை லேசாகச் சொல்ல மாட்டேன். இ.த.ச. 505, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 353. பொய் என்று நீங்களே எழுதிக்கொடுத்தால் அது வாக்குமூலம். பொய்யைக் குற்றமாக்கும் சட்டம் திருத்தத்தையும் ஆபத்தாக்கிவிடுகிறது என்பதை நமது மனித உரிமைக்காரர்கள் இன்னும் உரக்கப் பேச வேண்டும். அரசு 2023இல் தகவல் சரிபார்ப்பகம் அமைத்தது. அரசைப் பற்றிய பொய்களை அரசு பார்த்துக்கொள்ளும். கம்பெனி ஹாஸ்டலில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதைச் சரிபார்க்க யார் இருக்கிறார்கள்?

ஆனால் பயம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது இன்னொரு பொய். என் மூன்று குழுக்களில் எவரும் போலீசுக்குப் போயிருக்கமாட்டார்கள். நான் சொல்லாததற்குக் காரணம், படம் பொய்யானாலும் கருத்து சரிதான் என்று நம்பியது. நமது இயக்கங்களின் நீண்ட பழக்கம் இது. எதிரியின் பொய் சதி, நம்முடைய பொய் 'அடிப்படையில் உண்மை'. இந்த 'அடிப்படையில்' என்ற சொல்லைத் தமிழில் யார் கண்டுபிடித்தாரோ தெரியாது, எத்தனை பாவங்களைத் தாங்குகிறது பாருங்கள்.

2023 மார்ச்சில் பீகார் வீடியோக்களைப் பற்றி நான் ஒரு கூட்டத்தில் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், கைதட்டல்கூட வந்தது. முடிந்ததும் ஒரு பெண் வந்தார். ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் டிரெயினியாக இருந்து நின்றுவிட்டவர். "அண்ணா, அந்த ஹாஸ்டல் பிரச்சினை டைம்ல நீங்க ஒரு போட்டோ போட்டீங்கல்ல, அது எங்க எடுத்ததுண்ணா?" என்றார். குற்றம் சொல்லும் தொனி இல்லை. அன்றைக்கு அந்தப் படம் எப்படியோ அவருக்கும் போய்ச்சேர்ந்திருக்கிறது. அவருடைய அம்மா அதைப் பார்த்துவிட்டு மறுநாளே ஊரிலிருந்து வந்து கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். அதற்குப் பிறகு வேலைக்கு அனுப்பவில்லை. "ஊர்லயே இருந்துட்டேன். இப்பத்தான் திரும்ப வந்து வேற எடத்துல பாத்துக்கிட்டு இருக்கேன்."

எங்கே எடுத்தது என்று தெரியாது என்றேன். "தெரியாமதான் போட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

அன்றிரவு எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் 2010 புகை வந்தது, ஆப்பிள் வந்தது, உலகமயம் வந்தது. இரண்டு பக்கம் போயும் நான் அனுப்பினேன் என்பது வரவில்லை. கிழித்துப்போட்டுவிட்டு நான்கு வரி எழுதினேன். 2021 டிசம்பர் 17 இரவு இந்தக் குழுவில் நான் பகிர்ந்த படம் ஸ்ரீபெரும்புதூரில் எடுக்கப்பட்டதல்ல. எங்கே எடுத்தது என்று பார்க்காமல் அனுப்பினேன். 'கொலை' என்ற சொல் நான் சேர்த்தது. அன்றிரவே தெரிந்தும் சொல்லாமல் நீக்கினேன்.

மூன்று குழுக்களில் ஒன்று அதற்குள் செத்துப்போயிருந்தது. யாரும் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதிலும் போட்டேன். இன்னொன்றில், இப்போது எதற்கு இதைக் கிளறுகிறீர்கள், சங்கிகளுக்குத் தீனி போடவா என்று ஒரு தோழர் கேட்டார். அவரோடு இன்னும் முடியவில்லை, விவாதம் போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாவது குழுவில் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் எழுதினார்: "அந்தப் படத்தை உங்ககிட்டேர்ந்து எடுத்து நான் எங்க ஊர் க்ரூப்ல போட்டேன். நான் நீக்கலை. இன்னும் அங்கேயேதான் இருக்கு."